நான்கு நொடி மின்மினி

ஹிராய்வா செய்சாகு முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். விடியற்காலை ரயில் பிடித்து டோக்கியோ போனால் இருட்டிய பிறகுதான் வீடு. எங்கள் குன்றின் மேல் வீடு வாங்கி அத்தனை வருடம் ஆகியும், கீழே ஓர் ஓடை ஓடுவது அவருக்குத் தெரியாது என்றால் நம்பத்தான் வேண்டும். ஓய்வு பெற்ற மாதமே, குடியிருப்புச் சங்கத்தின் துப்புரவு முறை அவர் வீட்டுக்கு வந்தது. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஓடையில் இரண்டு சைக்கிள், ஒரு மெத்தை, ஒரு ரைஸ் குக்கர். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

பைத்தியம் என்றுதான் அவர் மனைவியும் சொன்னாள். வீடு வீடாகப் போய் மணியடிப்பார். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், எங்களிடம் கொடுங்கள், சோப்பு காய்ச்சித் தருகிறோம் என்பார். வாசலில் கார் கழுவாதீர்கள், அந்த நுரை நேரே ஓடைக்குத்தான் போகிறது என்பார். அவர் தலை தெரிந்தாலே சிலர் டிவியை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அதற்கெல்லாம் அவர் சளைக்கிற ஆள் இல்லை. இன்னொரு தடவை அடிப்பார்.

ஓடை வேலையில் அவருக்கு வாய்த்த உருப்படியான கூட்டாளி சுகாவா தொமியே ஒருத்திதான். அவரைவிட ஆறு வயது சின்னவள். குன்று முழுக்க வீடாவதற்கு முன் அங்கே இருந்ததெல்லாம் அவள் குடும்பத்து வயல். இப்போது மிச்சம் ஒரு காய்கறித் தோட்டமும், அதன் பின்னால் ஊற்றுநீர் ஓடும் ஒரு வாய்க்காலும். அவளுக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

"ஐயோ ஹிராய்வா-சான், அந்தப் பாசிய ஏன் சுரண்டுறீங்க? இதென்ன உங்க வீட்டுக் குளியலறையா?"

"அழுக்கா இருக்கேன்னு..."

"லிஃப்ட்டுதான் பளபளன்னு இருக்கணும். அந்தப் பாசியிலதான் பூச்சி முட்டை போடும். விடுங்க அத."

எட்டாவது வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக்கு வரச் சொன்னாள். தனியாக வாருங்கள் என்றாள். வாய்க்கால் ஓரம் பதினைந்து மின்மினிகள் இருக்கும்.

"எண்ணுங்க," என்றாள். "ஒரு தடவை மின்னிச்சுன்னா அடுத்த தடவைக்கு நாலு நொடி. எங்க ஊருப் பூச்சி நிதானம். மேற்க, ஒசாகா பக்கத்துல இருக்கறது ரெண்டே நொடியில மின்னும். அந்த ஊரு ஆளுங்களாட்டமே பரபரன்னு."

ஹிராய்வா எண்ணிப் பார்த்தார். நான்கேதான். அறுபத்தெட்டு வயது மனிதர், சின்னப் பிள்ளைபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா வலையத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. ஓடை சுத்தமாச்சுன்னா இதுங்க தானா கீழ இறங்கும். இன்னும் ஒரு அஞ்சு வருசம் பொறுங்க. வெளியூர்லேருந்து மட்டும் எதையும் வாங்கியாந்து விட்டுறாதீங்க. கலந்துச்சுன்னா இதுங்க கதை முடிஞ்சுது."

"விடமாட்டேன்," என்றார் ஹிராய்வா. மனதாரத்தான் சொன்னார்.

ஐந்து வருடம் பொறுக்க ஊர் தயாராக இல்லை. துப்புரவுக்கு வருகிறவர்கள் குறைந்து குறைந்து நாலு பேர் ஆனார்கள். தொமியே சங்கக் கூட்டங்களுக்கு வருகிறவள் இல்லை. அந்த இலையுதிர்காலக் கூட்டத்தில் சங்கத் தலைவர் நுகாதா எழுந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கத் தெரிந்தவர்.

"ஹிராய்வா-சான், எட்டு வருசமா பாடுபடுறீங்க. தப்பா நினைக்காதீங்க. அங்க பாக்கறதுக்கு என்னதான் இருக்கு? நத்தை!"

எல்லாரும் சிரித்தோம்.

"வர்ற ஜூன்ல குடியிருப்புக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. அதுக்குள்ள ஏதாவது கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா ஓடைய மூடிட்டு மேல கார் நிறுத்தலாம்னு பாதிப் பேர் கேக்குறாங்க. நான் எத்தனை நாளைக்குத் தடுக்கறது?"

வாய்க்காலில் மின்மினி இருக்கிறது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்பது அவள் பேச்சு. அதைக் காப்பாற்றினார். மார்ச் மாதம் மேற்கே மின்மினி வளர்த்து விற்கும் ஒருவரிடம் அறுநூறு மின்மினிப் புழுக்களுக்குச் சொல்லி அனுப்பினார். பெட்டி வந்தது. தொமியே காய்கறி விற்கச் சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்து ஓடையில் கொண்டுபோய் விட்டார். ஓடை கீழே, வாய்க்கால் மேலே, பூச்சி அவ்வளவு தூரம் ஏறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எட்டு வருடம் அவளோடு சேறு மிதித்தவர், அன்று திருடனைப்போல அக்கம்பக்கம் பார்த்தார்.

ஜூனில் ஓடை நெடுக ஒரே வெளிச்சம். வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் இறங்கி வந்தோம். குழந்தைகள் விழாக் கிமோனோவில் ஓடின. நுகாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார் நிறுத்தும் பேச்சு அன்றோடு போயிற்று. அடுத்த துப்புரவுக்கு நாற்பது பேர் வந்தார்கள்.

விழா அன்று தொமியே பாலத்தின் மேல் நின்றிருந்தாள். அவள் உதடு அசைவதை ஹிராய்வா பார்த்தார்.

"வேகமா மின்னுதே," என்றாள்.

"இந்த வருசம் வெயில் அதிகமில்ல? அதான்."

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த நாற்பது பேரில் அவள் இல்லை. அதற்குப் பிறகும் அவள் துப்புரவுக்கு வரவே இல்லை.

மறு வருடம் தொமியேயின் தோட்ட வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். வாய்க்காலில் நிதானமாக மின்னுபவற்றின் நடுவே பரபரவென்று சில. மூன்றாம் வருடம் எண்ணி எண்ணிப் பார்த்தார். இரண்டு, இரண்டு, இரண்டு. நாலுக்காக எவ்வளவோ நேரம் நின்றார்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார், பாவம்.

"ஒசாகாவோ எதுவோ, பூச்சி பூச்சிதானே!" என்றார் நுகாதா. "குழந்தைங்க என்ன, நொடி எண்ணியா பாக்குதுங்க? நீங்க இந்த ஊருக்கே சாமி." நாங்கள் கைதட்டினோம். ஹிராய்வா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கைதட்டலைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று பின்னால் சொன்னார்.

மறுநாள் காலை தொமியேயின் தோட்டத்துக்குப் போனார். அவள் வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அவர் இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தி வெகுநேரம் அப்படியே நின்றார்.

"நிமிருங்க. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது," என்றாள். கேலி பழைய கேலிதான். குரல் பழைய குரல் இல்லை.

"சுகாவா-சான், ஓடைய மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன். பாக்க ஏதாவது வேணும்னாங்க. உங்ககிட்ட இருக்கறதச் சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருந்தேன். எனக்கு வேற வழி தெரியல."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மூடப் போறாங்கன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"ஓடை போயிடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஊரைக் கூப்பிட்டு வாய்க்காலக் காட்டியிருப்பேனே, ஹிராய்வா-சான். வலையோட வந்தாக்கூடப் பரவாயில்லன்னு காட்டியிருப்பேன்."

இரண்டு வீதி தள்ளி இருக்கிற வீடு. போய் ஒரு தடவை கேட்கலாம் என்பது புழுவுக்குச் சொல்லி அனுப்பும் முன் தனக்குத் தோன்றவே இல்லை என்பதைத்தான் அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.