அண்ணை இருக்கிற பை

அன்று சரவணைக் கடற்கரையில் நின்றவர்கள் நாலு பேர்: ஐயர், வள்ளக்காரன், பிரான்சிலிருந்து வந்த அண்ணையின் மகன், நான். அண்ணை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சாம்பலாக, மகனின் கையில் இருந்தார்.

தன்னை ஊர்க்கடலில்தான் கரைக்கவேணும் என்று அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: இடுப்பளவு தண்ணீரில் நின்றால் இன்னும் கால்விரல் தெரிகிறதா? ஓம் என்பேன். என் கடையில் தீப்பெட்டி வாங்குகிறவருக்கும் ஒரு பொலித்தீன் சொப்பிங் பை கொடுப்பதையும், அவை வேலியில் தங்கி, காற்றடித்தால் கடலுக்குப் போவதையும் சொன்னதில்லை. சொன்னால் இங்கே வர மனம் வராதோ என்று பயம்.

சாம்பலை மாற்ற ஒரு மண்முட்டி வாங்கியிருந்தேன். வழியில் உடைந்தால் அபசகுனம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஐயர் கரையில் கிரியையை முடித்து எங்களை வள்ளத்தில் அனுப்பினார். ஆழத்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளே தடித்த பொலித்தீன் பை, வாய் உருக்கி ஒட்டியிருந்தது. வள்ளக்காரன் கத்தியை நீட்டினான். காற்று எழும்பியிருந்தது. வெட்டினால் அண்ணை வள்ளத்துக்குள் கொட்டுப்பட்டு மீன்செதிலோடு கலந்துவிடுவாரோ என்று கத்தியைத் தள்ளிவிட்டேன்.

"வெட்டாதை. அப்பிடியே விடு. உப்புத் தண்ணிக்கு ஊறித் திறக்கும்" என்றேன்.

"உது ஊறாது, முதலாளி" என்றான் வள்ளக்காரன். அதற்குள் அண்ணையின் மகன், என் பெறாமகன், பையைக் கடலில் விட்டுவிட்டான். பை கொஞ்சநேரம் மிதந்துபோய், சரிந்து தாழ்ந்தது.

விமானநிலையத்திலிருந்து பெறாமகன் போன் எடுத்து, "அப்பா கரைஞ்சிருப்பாரோ, சித்தப்பா?" என்று கேட்டான்.

ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு நானும் வள்ளக்காரனும் அந்தப் பையைத் தேடி மூன்று தரம் வள்ளத்தில் போனோம். அவன் தடியால் தூக்கத் தூக்க நான் பிரித்துப் பார்த்தேன். பால்மாப் பை, சவர்க்காரத்தூள் பை, ஒன்றுக்குள் செத்த நண்டு. சிவப்புக் கோடு போட்ட என் கடைப் பைகள் மட்டும் பதினொன்று.

"உங்கட அண்ணைக்குத் துணைக்கு நல்லாத்தான் ஆள் அனுப்பியிருக்கிறியள்" என்றான் வள்ளக்காரன். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

இப்போது கடையில் கடதாசியில்தான் சுற்றிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன கிழமை பொறுக்கமுடியாமல் கடலில் இறங்கி இடுப்பளவில் நின்று பார்த்தேன். முழங்கால் வரைதான் தெரிந்தது. சொல்ல ஆளில்லை.

வள்ளக்காரனிடம் கூலி கொடுக்கப் போனபோது வாங்கமாட்டேன் என்றான்.

"அவரைக் கண்டெடுத்தாப் பிறகு தாங்கோ."

ஒரு தரத்துக்கு மூவாயிரம். ஒன்பதாயிரம் ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை.