பழுதுபடாத படகு

எங்கள் புறநகரான நோபல் பார்க்கில் அருந்தவன் கை வைக்காத குளிர்சாதனப் பெட்டி குறைவு. அவற்றைத் திருத்தித்தான் வீடு வாங்கினார், மகள் ராகவியைப் படிப்பித்தார், கடைசியில் ஒரு பழைய பாய்மரப் படகும் வாங்கினார். அந்தப் படகில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது.

“திருத்துறவனுக்குத்தான் அண்ணை தெரியும், அது எப்ப காலை வாரும் எண்டு,” என்பார் என்னிடம்.

இந்த நாட்டுக்கு அவர் விமானத்தில் வந்தவர். படகில் வந்தவரா என்று விசாரிக்கும் வெள்ளைக்காரரிடம், “இனித்தான் படகில போகப்போறன்” என்பார்.

ஹேஸ்டிங்ஸ் துறையில் மற்றவர்கள் தானியங்கிச் சுக்கானும், கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரமும் பூட்டிவிட்டு, அவற்றைத் திருத்த ஆள் வரும்வரை கரையில் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அருந்தவனிடம் மண்ணெண்ணெய் அடுப்பு, கையால் அடிக்கும் பம்பு, கழிவறைக்கு மூடி போட்ட வாளி. வழிபார்க்க ஒரு திசைகாட்டி. சுக்கான் பிடிப்பவரின் கண்ணுக்கு நேரே, அடுப்பு இருந்த அறையின் வெளிச்சுவரில் பதித்திருந்தார்.

“போனிலயே வழி காட்டுமே?” என்றேன்.

“சார்ஜ் போனா? கொம்பாசுக்குச் சார்ஜ் வேண்டாம்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாஸ் நீரிணையைக் கடந்து டாஸ்மேனியாவில் ராகவியிடம் போவது திட்டம். விமானத்தில் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். படகில் ஓர் இரவை நடுக்கடலில் கழிக்க வேண்டும். நீந்தத் தெரியாத மனைவி நாகேஸ்வரியும் கூடப் போகிறார். அந்தக் கடலில் தலைநீட்டும் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. திசை கொஞ்சம் பிசகினால் போதும்.

புதுக் கார் என்றால் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம். படகு கோயிலுக்கு வராது. ஆகவே நாகேஸ்வரி, காரில் இருந்த சின்னப் பிள்ளையாரைக் கழற்றிக் கோயிலில் அர்ச்சனை செய்து எடுத்துவந்தார். அடியில் காந்தம் உள்ள பிள்ளையார். புறப்பட முதல்நாள் அவரைத் திசைகாட்டிக்கு மேலே ஓர் இரும்புப் பூட்டில் ஒட்டினார். முள் துள்ளித் திரும்பி, பிள்ளையாரைப் பார்த்து நின்றது.

“பாருங்கோ அண்ணை, அதுகூடக் கும்பிடுது!”

“நாகேஸ், அது காந்தமப்பா! கழட்டும்!” என்று பதறினார் அருந்தவன்.

“அவரைக் கழட்டிப்போட்டோ கடலுக்குப் போறது? இவ்வளவு காலமும் மொனாஷ் ஃப்ரீவேயில எங்களைக் காப்பாத்தினது ஆர், உங்கட பிரேக்கோ?”

“சரி, சரி. உள்ளுக்கு எங்கையாவது வையும்.”

நாகேஸ்வரி கழற்றி எடுத்துக்கொண்டு போக, முள் வடக்குக்குத் திரும்பியது. அருந்தவன் திருப்தியோடு திசைகாட்டிக்கு உறை போட்டார். தாம்பத்தியத்தில் இவ்வளவு சுமுகமான தீர்வை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கடல்மேல் பனிமூட்டம். கயிற்றை நான்தான் அவிழ்த்து எறிந்தேன். அருந்தவன் முன்பக்கம் பாயோடு மல்லுக்கட்ட, நாகேஸ்வரி சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை! பிள்ளையாரை அடுப்புக்குப் பின்னால தகரத்தில ஒட்டிவிட்டிட்டன். சுவருக்கு அங்கால கொம்பாஸ், இங்கால அவர். முதுகோட முதுகு!”

அந்தச் சுவர் ஒரு விரல் தடிப்புப் பலகை. காந்தத்துக்கு அது ஒரு மறைப்பே இல்லை.

“கழட்டுங்கோ! அங்கை வைக்கக் கூடாது!” என்று கத்தினேன்.

“ஓம் ஓம், போட்டு வாறம்!”

அதற்குள் வேகமெடுத்த படகின் இயந்திரச் சத்தத்தில் அவருக்கு என் வாயசைவு வாழ்த்தாகத்தான் தெரிந்திருக்கும். அருந்தவனுக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார், சிக்கனமான மனிதர். படகுத்துறைப் பாலத்தின் நுனிவரை ஓடினேன். கரை இரண்டு பக்கமும் பனியில் கரைந்துகொண்டிருந்தது.

அருந்தவன் பின்னால் வந்து மனைவியிடமிருந்து சுக்கானை வாங்கினார். திசைகாட்டியின் உறையைக் கழற்றி, குனிந்து கவனமாகப் பார்த்தார். பிறகு, தாம் வழி தவறிவிட்டதை உணர்ந்த மனிதரைப்போல், நேராகப் போய்க்கொண்டிருந்த படகை முள் சொன்ன பக்கம் திருப்பினார்.