கடைசி நம்பர்

போன கிழமை உம்மாவைக் கண் காட்ட ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். கடைசி நம்பரில்தான் இருத்தினார்கள். உம்மாவின் ரத்தத்தில் முன்பு ஹெபடைட்டிஸ் சி இருந்தது. குளிசை மருந்து வந்து, குடித்து, இப்போது சுகம். டொக்டரே சொல்லிவிட்டார். அதைச் சொன்னால், "முந்தி இருந்ததுதானே" என்கிறார்கள். இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? அந்த வாங்குப் பலகையில் இருக்கும்போதுதான் உம்மாவுக்குப் பல் பிடுங்கப் போன கதை ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. உம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. கராம்பு வைத்தும் கேட்கவில்லை. வாப்பா தோணிக்குப் போகும்போது ஒரேயொரு புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

"அங்க போய் ஒண்டும் கதைக்காத. வாயத் துற, பல்லக் காட்டு, வா."

உம்மா கேட்கவில்லை. "மறைச்சி, புடுங்குற புள்ளைக்கு என்னவும் ஆனா, அல்லாஹ்ட்ட நான்தானே பதில் சொல்லணும்."

முதல் பஸ்ஸில் ஆசுபத்திரிக்குப் போனோம். முதல் நம்பர் எங்களுக்கு. எனக்குப் பெருமை. பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் முதலாவதாய் வந்ததில்லை. உம்மா உள்ளே போய் நர்ஸ் மிஸ்ஸியிடம் நோயை மெதுவாய்ச் சொன்னா. வெள்ளைச் சட்டை போட்ட அந்த மிஸ்ஸி மெதுவாய்க் கேட்கவில்லை. கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சத்தமாய்க் கேட்டா.

"ஹெபடைட்டிஸ் சியா? எங்கால வந்த உங்களுக்கு இது? எங்கயிருந்து புடிச்ச?"

உம்மா என்னைக் குனிந்து பார்த்தா.

"ஊசி கீசி ஏத்துறயா? புருசன் என்ன மாதிரி ஆள்?"

வெளியே இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. உம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டா. எனக்கு எரிச்சல். வாப்பா என்ன மாதிரி ஆள் என்று எனக்கே தெரியும். மீன் பிடிக்கிற ஆள். அதைச் சொல்ல என்ன கஷ்டம்?

கடைசியில் இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். பிறகு வந்தவர்கள் எல்லாம் வாயில் பஞ்சோடு போனார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் பார்த்து அட்டெண்டன் வந்து, நாங்கள் இருந்த வாங்கை மருந்துத் தண்ணி ஊற்றித் துடைத்தார். எங்கள் ரோட்டுக்காரர்தான். பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலாப்பம் தின்றவர். உம்மாவைத் தெரியாத மாதிரித் துடைத்தார். ஈர வாங்கில் இருக்க முடியாது. நின்றோம்.

எல்லோரும் முடிய மிஸ்ஸி வந்தா. "இண்டைக்கு ஏலா. சாமானெல்லாம் கழுவி வெச்சாச்சி. நாளைக்குக் கடைசியா வாங்க."

மறுநாள் கடைசியாகவே போனோம்.

"இந்நேரம் வந்தா எப்பிடி? நம்பர் முடிஞ்சி." அதே மிஸ்ஸி. அதே வாய்.

உம்மா சொன்னா: "கடைசி எத்தின மணிக்கு வரும் எண்டு சொல்லுங்க மிஸ்ஸி. அந்நேரத்துக்கு வாறன்."

மிஸ்ஸிக்குக் கோபம் வந்தது. பல் வரவில்லை.

அன்று பின்னேரம் சொந்தத்தில் ஒரு வீட்டில் மௌத்தானவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு. பெண்களுக்கு உள்வீட்டில் சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர இருந்து எல்லோரும் அதிலேயே கை வைத்துத் தின்பது. அட்டெண்டனின் பெண்சாதியும் வந்திருந்தா. உம்மா சஹனடியில் இருக்கப் போக, வீட்டுக்காரி ஒரு தனிப் பீங்கான் தட்டோடு ஓடி வந்தா.

"நீங்க இதுல தின்னுங்க மச்சி. பல்லு வலிதானே, ஆறுதலாத் தின்னலாம்."

பல்வலிக்கும் பீங்கானுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை. பீங்கானில் ஒரு முழுக் கோழிக்கால் இருந்தது. சஹனில் என்றால் பெரியவர்கள் கைதான் முந்தும். உம்மாவால் மெல்ல ஏலாது. எல்லாவற்றையும் நானே தின்றேன். போகும்போது அந்தப் பீங்கானையும் எங்களிடமே தந்துவிட்டார்கள். ரோசாப்பூப் போட்ட நல்ல பீங்கான். எங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பீங்கானைச் சாச்சி பார்த்தா. சாச்சி உம்மாவின் தங்கை. வாய் நீளம். என்ன ஏது என்று கேட்கவில்லை. விடிய ஹபாயாவை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினா. நேரே மிஸ்ஸியின் முன்னால் போய் நின்றா.

"என்ட ராத்தா ரத்தம் குடுக்கவா வந்திரிக்கா? பல்லப் புடுங்க வந்திரிக்கா. எல்லார்ர சாமானையும் தண்ணியில போட்டு அவிக்கிறதானே? இவட சாமானுக்கு மட்டும் தண்ணி கொதிக்காதா?"

உள்ளேயிருந்து டொக்டர் எட்டிப் பார்த்தார். மிஸ்ஸி விடவில்லை.

"எங்கால வந்த எண்டு கேட்டா இவங்க வாய் துறக்கிறல்ல. நாங்க என்னெண்டு நினைக்கிற?"

"எங்கால வந்தயா? இந்தா, இவள்ற..." என்று சாச்சி என் பக்கம் கையை நீட்டினா.

உம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினா. "வாய மூடு. புள்ள நிக்கிது."

சாச்சி மூடினா. சாச்சி வாயை மூடி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

டொக்டர் கையுறைக்கு மேல் கையுறை போட்டுப் பிடுங்கினார். எல்லோருக்கும் ஆகிற நேரம்தான் ஆனது. நிலத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மிஸ்ஸி பின்னால் பாய்ந்தா. உம்மா குனிந்து முக்காட்டு நுனியால் துடைத்து, அந்த நுனியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டா.

நான் என் மூத்த பிள்ளையைப் பெறப் போகும்போதுதான் சாச்சி மீதியைச் சொன்னா. நான் பிறந்த அன்று உம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லையாம். அதே ஆசுபத்திரியில்தான். வேறு ஆட்களின் ரத்தத்தைப் போத்தல் போத்தலாய் ஏற்றினார்களாம். அதோடு வந்ததுதான் இது. எனக்குச் சொல்லக்கூடாது என்று உம்மா சத்தியம் வாங்கியிருந்தாவாம்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது உம்மாவின் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கேட்டேன்.

"எங்கால வந்த எண்டு சொன்னா முதல் நாளே புடுங்கியிருப்பாங்கதானே உம்மா? ஏன் சொல்லல்ல?"

சாச்சி ரோட்டைப் பார்த்தா. உம்மா என் தலையைத் தடவினா. வாயில் பஞ்சு இருக்கிறது, அதுதான் கதைக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.