மொட்டைக் காருக்கு நான் சொன்ன தீர்ப்பு

கொக்குவிலில் நான் கார் திருத்துகிற கராச் வைத்திருந்த காலத்தில், பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் வாங்கமாட்டார்கள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத்து நின்றுபோனது. பழைய ஆங்கிலேயக் கார்களுக்கு மவுசு வந்தது அப்போதுதான். காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும்.

இணுவில் சிவபாதம் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறவன். அவனுடைய ஒஸ்ரின் காரின் என்ஜின் பிளொக் வெடித்து, மூன்று மாதமாகப் பிழைப்பில்லாமல் இருந்தான். ஒருநாள் என்னை வல்வெட்டித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கப்பலில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரின் கொட்டிலில் மொறிஸ் மைனர் கார் ஒன்று நின்றது. கூரை தகரமல்ல, கன்வஸ். மடித்துப் பின்னால் விடலாம். குடாநாடு முழுக்க மொறிஸ் மைனர் ஓடியது, ஆனால் மடிக்கிற கூரையோடு நான் கண்டது இது ஒன்றைத்தான்.

கீழே படுத்து ஸ்குரூ டிறைவரால் குத்திப் பார்த்தேன். கடற்கரைக் கார், அடித்தகடு துருப்பிடித்து உக்கியிருக்கும் என்று நம்பித்தான் குத்தினேன். உக்கவில்லை. மனிதர் வருடாவருடம் கிறீஸ் பூசியிருக்கிறார்.

"எப்பிடி அண்ணை?"

"சாமான் தங்கம். ஆனால் வாங்காதை. கன்வஸ் நைஞ்சுபோச்சு. வெயிலுக்கையும் மழைக்கையும் உந்த மொட்டைக் காரிலை ஆரடா ஏறுவினம்?"

"எனக்குப் பிடிச்சிருக்கண்ணை."

"பிடிச்சிருக்கெண்டு வாங்க, கலியாணமே கட்டப்போறாய்?"

சிரித்தான். அடுத்த நாளே வாங்கிவிட்டான். என் சொல்லை மீறிய முதல் ஆள். "ஹயர் கிடையாமல் கிடந்து சாகட்டும்" என்று வீட்டில் வந்து கத்தினேன். மனைவி புனிதம் அப்போது எங்கள் மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"கார் அவன்ரை, கோவம் உங்கடை. நல்லாயிருக்கு" என்றாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினேன். நானே மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொடுத்த கார்தான். கதவைச் சாத்தியதும் புகை உள்ளே சுழன்றது. ஒழுங்கை தாண்டுவதற்குள் இரண்டு தரம் சத்தியெடுத்துச் சாய்ந்துவிட்டாள்.

"என்னை இறக்குங்கோ. உதுக்கை இருந்தால் செத்துப்போவன். சிவபாதத்தைக் கூப்பிடுங்கோ."

"அந்த மொட்டைக் காரையோ?"

"ஓம். பிள்ளைத்தாச்சியள் எல்லாம் அதிலைதான் ஆஸ்பத்திரிக்குப் போகினம். காத்தோடை புகை போயிடும். சொன்னால் பாய்வியள் எண்டு சொல்லேல்லை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பதை எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். அவளை வீட்டில் இறக்கினேன். அணைந்த காரைத் திரும்ப ஸ்ராட் பண்ண நாலு துளி பெற்றோலும் மிச்சமில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு இணுவிலுக்குப் பறந்தேன். சிவபாதம் என் முகத்தைப் பார்த்தான். "சைக்கிளை விட்டிட்டு ஏறுங்கோ அண்ணை" என்றான்.

பின் சீற்றில் நான் அவளுக்குக் குடை பிடித்தேன். காற்றுப் பட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தில் இரத்தம் ஏறியது. அந்த நேரம் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"வெயில் சுடுதோ அண்ணை?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"வாயை மூடிக்கொண்டு ஓட்டடா."

புனிதம் வலிக்குள்ளும் சிரித்தாள். மத்தியானம் மகள் பிறந்தாள்.

அடுத்த கிழமை அந்தக் காருக்குப் புதுக் கன்வஸ் தைத்துப் போட்டது நான்தான். அதன்பிறகும் எத்தனையோ பேர் என்னைக் கார் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்குரூ டிறைவரைக் கையில் எடுக்க முதல், "இதிலை ஆரை ஏத்தப்போறாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் கீழே படுப்பேன்.