ஆற்று மீன் தொடாதவர்

என் கணவர் ஆற்று மீன் தொடமாட்டார். யாழ்ப்பாணத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். விளைமீன், பாரை, திருக்கை என்று கடல் மீனிலேயே ஊறிய நாக்கு. சிட்னிக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ஆற்று மீன் குழம்பு பரிமாறினார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, சேற்று மணம் என்று என் காதுக்குள் சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் குசினிக்குள் அந்த மீன் வந்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வடக்கே கிளாரன்ஸ் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகப்போவதாகச் சொன்னார். என்ன மீன் என்று கேட்டேன். பாஸ் என்றார். பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவீர்களா என்றேன். இல்லை, பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவது என்றார். ஒரு பகல் முழுக்கக் காரோட்டிப் போய், தான் சாப்பிடாத மீனைப் பிடித்து, அதையும் விட்டுவிட்டு வருவதாம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடப் போகிறவன் அவருடைய வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். வவுனியாப் பக்கம். படகில் வந்து, பல வருடங்கள் தற்காலிக விசாவில் இழுபட்டு, அண்மையில்தான் நிரந்தர விசா கிடைத்தவன். மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து எடுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். மரியாதையான பிள்ளை, அதிகம் பேசமாட்டான். ஆனால் அந்த மாதம் இருவரும் கராஜுக்குள் போய் இருந்துகொண்டு குசுகுசுத்தார்கள். நான் தேநீர் கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். அவன் எழுந்து, "தாங்கோ அக்கா" என்று வாங்கிக்கொள்வான். நான் திரும்பிக் குசினிக்குள் வரும்வரை ஒரு சத்தமும் இருக்காது.

சிட்னியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மீன்தான் பிடிக்க வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அங்கே சனம் குறைவு என்றார். யாருடைய கண்ணில் படக்கூடாது என்று இவர் போகிறார் என்று எனக்குள் ஓடத் தொடங்கியது.

ஒரு முறை உடுப்புத் தோய்க்கப் போடும்போது அவருடைய காற்சட்டைப் பைக்குள் என்னவோ குத்தியது. எடுத்துப் பார்த்தால், பிளாஸ்டிக்கில் செய்த சில்வண்டு. வயிற்றுக்குக் கீழே தூண்டில் முள். கோடை காலத்தில் பாஸ் மீன் சில்வண்டைக் கண்டால் பாய்ந்து வருமாம். அதைக் கண்டு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. என் கண்ணில் படட்டும் என்றே வைத்திருக்கிறாரோ என்றுதான் நினைத்தேன்.

பிறகு, தங்கப்போகும் பண்ணை வீட்டுக்காரியோடு அவர் தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. தண்ணீர் எவ்வளவு ஆழம், கரை சரிவா, அடியில் மணலா கல்லா, இழுவை உண்டா, வேறு ஆட்கள் அங்கே வருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

கராஜில் பழைய மெத்தைக்குப் பின்னால் புதிய லைஃப் ஜாக்கெட் ஒன்று கிடந்தது. என் கணவர் மீனைப் போல நீந்துவார். அவருக்கு அது தேவையில்லை. அளவும் அவருடையது இல்லை, சிறியது. ஒரு பெண்ணுக்கும் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இருக்கும் என் தங்கைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் தோட்டக் காணிகள் விற்கிறார்கள், எதிலாவது கையெழுத்து வைக்கப்போகிறார் என்றாள். அல்லது அந்தப் பெடியனுக்கு ஏதோ சிக்கல், இவர் ஒளிக்க உதவி செய்கிறார் என்றாள். கடைசியில், நீயும் போகிறேன் என்று சொல்லிப் பார், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றாள்.

அன்று பின்னேரமே சொன்னேன். "நானும் வாறன்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அவனைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

"உங்களோட நான் வாறதுக்கு அவனை ஏன் கேக்கோணும்?"

"அது அவன்ரை விசயம். நான் சொல்ல ஏலாது. நீர் என்னைக் கேளாதையும்."

எங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இப்படி ஒரு பதில் சொன்னார். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம்.

அவர் சொல்லாவிட்டால் மற்றவன் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவன் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வருவான் என்று தெரியும். பரமட்டாவில் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனேன். பூசை முடிந்து அவன் வெளியே வந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பேரும் எதற்குப் போகிறீர்கள், உண்மையைச் சொல் தம்பி என்றேன்.

அவன் பயந்துபோனான். அண்ணை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டான். இல்லை என்றதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் கட்டுகிறான் என்றே நினைத்தேன்.

"அக்கா, மகள் தவழத் தொடங்கேக்கை நான் போட் ஏறினனான். இப்ப அவையளுக்கு விசா வரப்போகுது. அவள் ஒவ்வொரு நாளும் போனிலை கேக்கிறது ஒண்டுதான். வந்த உடனை கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ அப்பா எண்டு. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனா இஞ்சை வந்த பிறகு நான் ஒருக்காலும் கடலடிக்குப் போகேல்லை. பாலத்திலை ரெயின் போகேக்கையும் கண்ணை மூடிக்கொண்டுதான் போறனான்."

அவனே தொடர்ந்தான்.

"மறுகரை தெரியிற தண்ணியிலை பழகித் தொடங்குவம் எண்டு அண்ணைதான் சொன்னவர். இஞ்சை கிட்டவெல்லாம் எங்கடை சனம், கண்டால் கதைப்பினம். அதாலை தூரமாப் போவம் எண்டு நான் கேட்டனான். பெரிய ஆம்பிளை சும்மா தண்ணிக்குள்ளை இறங்கி நிண்டு நடுங்கினால் விசரன் எண்டு நினைப்பினம். கையிலை தூண்டில் இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்."

லைஃப் ஜாக்கெட்டின் சிறிய அளவு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் மெலிந்தவன்.

நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்றேன்.

"நீங்களும் வாங்கோ அக்கா. அண்ணை தனியச் சமைக்கமாட்டார். ஆனா நான் தண்ணிக்குக் கிட்டப் போகேக்கை பாக்காதேங்கோ."

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாம் தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு ரீலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் போகவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவளிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. சொல்லியிருந்தால் நான் தங்கையிடம் சொல்லியிருப்பேன் என்பதும் உண்மைதான். அவர் செய்தது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

கோடை தொடங்கியதும் போனோம். பண்ணை வீட்டிலிருந்து புல்வெளி சரிந்து ஆற்றுக்கு இறங்கியது. கரை நெடுகச் சவுக்கு மரங்கள். தண்ணீர் பச்சையாக, அசைகிறதா என்று தெரியாதபடி கிடந்தது. நான் மடக்குக் கதிரையை ஆற்றுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, மேய்கிற மாடுகளைப் பார்த்தபடி வெங்காயம் உரித்தேன்.

முதல் நாள் காதில் விழுந்தது அதிகமும் என் கணவரின் குரல்தான். கால் நிலத்தில்தானே நிற்கிறது, குனிந்து பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு முறை அவன் ஓங்காளித்துச் சத்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. வரும்போது அவனுக்குக் கணுக்காலுக்கு மேல் நனைந்திருக்கவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு பண்ணை வீட்டுக்காரியின் கயாக்கை, ஒருவர் இருந்து துடுப்புப் போடும் சிறு படகை, கயிற்றால் ஒரு மரத்தில் கட்டினார்கள். என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏறு, இரு, விடமாட்டேன் என்று அவர் சொன்னது கேட்டது. மரங்களில் சில்வண்டுகள் காதை அடைத்தன. அதற்கு மேலாக அவன் குரல் வந்தது.

"அண்ணை, இழுக்குது."

பாக்காதேங்கோ என்று அவன் கேட்டதை மறந்து நான் திரும்பிவிட்டேன். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, லைஃப் ஜாக்கெட் நாடிவரை ஏறி நிற்க, அவன் கயாக்கில் இருந்தான். தூண்டில் தடி வளைந்திருந்தது. என் கணவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அது அவனுக்குத் தெரியவில்லை. நூல் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிர்வதற்குள் நான் மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான மீன்தான். முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்களாம். தேநீர் குடிக்கும்போது அது எப்படி வந்தது, எப்படித் திமிறியது என்று அவன் எனக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். நான் எதையும் காணாதவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த கிழமையே அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். துணைக்கு என் கணவரும் போனார். முழங்கால்வரை இறங்கினானாம். அதற்கு மேல் முடியவில்லையாம். மகள் அலையில் கொஞ்ச நேரம் கால் நனைத்துவிட்டு, வாங்கிக் கொடுத்த உருளைக்கிழங்குப் பொரியலைக் கடற்பறவைகளுக்கு எறிவதிலேயே மினக்கெட்டாளாம்.