என் சுவரோரம் குவிந்த மணல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. வருஷமும் தேதியும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எழுதினால் எங்கள் தெருக்காரர்கள் ஆட்களை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். இடம், புதுச்சேரியின் வடக்கு ஓரம். குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில், கிழக்கே கடலைத் தொட்டு முடிந்துபோகும் ஒரு சிறிய தெரு. அதில் கடைசி வீடு எங்களுடையது.

அந்த மாதம் அடித்த புயலில் கடல் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுப் போயிற்று. மழை விட்டு வெயில் வந்தபோது தெருவைக் காணோம். சுவருக்குச் சுவர் மணல். தெருமுனையில் கணுக்கால் புதைந்தது. எங்கள் வாசலில் தொடை வரை புதைந்தது. எல்லாரும் அதன்மேலேயே ஏறி இறங்கிப் போய்வந்தோம்.

நகரசபையை நாங்கள் மேரி என்போம். மேரியிலிருந்து தமுக்கு அடித்துக்கொண்டு ஓர் ஆள் வந்து உத்தரவைச் சொன்னான். சர்க்கார் கட்டடங்கள் இருக்கும் தெருக்களுக்குத்தான் மாட்டுவண்டிகள் முதலில் போகும். மற்றத் தெருக்களில் அவரவர் வீட்டு முன்னால் கிடக்கும் மணலை அவரவர் ஒதுக்கிக் குவித்து வைக்க வேண்டும். முறை வரும்போது வண்டி வந்து அள்ளிக்கொள்ளும்.

பத்திரம் எழுதித் தரும் ஒரு நொத்தேரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கிரயப் பத்திரங்களில் எல்லை எழுதுவது வேலை. ‘கிழக்கே இன்னார் சுவர், மேற்கே பொது வழி’ என்று எழுதி எழுதி, யாராவது தெருவில் ஒரு கல்லை நகர்த்தி வைத்தால்கூட எதற்காக என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது.

அப்போது என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிரசவத்தில், மருத்துவச்சி தன்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கும் அடைமழை. நான் அலைந்து வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுக்கக்கூட உயிர் தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. தெருவிலும் யாரும் பேசியதில்லை.

இந்த முறை நாளைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் மேரி வண்டி வந்து தெருவைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பினேன்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பெரிய சண்டையைப் பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். எனக்கும் அவருக்கும் ஆகாது. அவர் தம் வாசலில் இரண்டு கருங்கல் படிகளைத் தெருவுக்குள் ஒரு முழம் நீட்டிக் கட்டியிருந்தார். பொது வழியை அடைக்கிறார் என்று நான்தான் மனுக் கொடுத்தேன். வழக்கு கோர்ட்டுக்குப் போய், மறு வாரம் நீதிபதியின் ஆள் வந்து படிகளைப் பார்வையிடுவதாக இருந்தது.

தமுக்கு அடித்த மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தேன். சொல்தாவின் சுவரோரம் கொஞ்ச தூரத்துக்கு மணல் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய மணல் அத்தனையும் என் சுவரை ஒட்டி ஓடும் சாக்கடை வாய்க்காலுக்கு மேலேயே கொட்டப்பட்டிருந்தது. கேட்பதற்காக அவர் வாசலில் போய் நின்றேன்.

“என்னா குமாஸ்தா, மணலுக்கும் கேஸ் போடப் போறியா?” என்றார். ஆமாம் என்றால் சிரிப்பார், இல்லை என்றால் இன்னும் கொட்டுவார். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்கு மறுநாள் மேடு ஜன்னல் விளிம்பைத் தொட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் மண்வெட்டியும் கூடையுமாகத் தெருவில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சொல்தா ஒரு மூங்கில் கழியை வைத்துத் தம் படிக்கும் என் பக்கத்து மேட்டுக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தார். என் தொழிலில், அளக்கிறவன் சும்மா அளக்க மாட்டான். மணலை என் பக்கம் தள்ளிவிட்டால் தெரு நகர்ந்த மாதிரி ஆகும். படி தெருவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறது என்று காட்டிவிடலாம். திட்டம் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் குருசுக்குப்பத்து அம்மாள்கூட அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள். அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எழுந்து நில்லும்மா, பாக்கறேன்” என்று என் மனைவியை நிற்க வைத்துப் பார்த்தாள். நேரே எதிர்வீட்டுக்குப் போய், சொல்தாவிடம் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டு நிலவரத்தை வேவு பார்க்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சனிக்கிழமை மாலை வந்தபோது படிகளைக் காணோம்.

இரண்டு கருங்கல்லும் பெயர்க்கப்பட்டு, அந்த இடம் மட்டமாக மூடப்பட்டிருந்தது. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. நீதிபதியின் ஆள் வரும்போது படியே இருக்காது. நான் பொய் மனுக் கொடுத்தவன் ஆவேன். உடனே போலீஸ் கொமிசேருக்கு ஒரு புகார் எழுத உட்கார்ந்தேன்.

“புள்ள பொறக்கற நேரத்துல எதுக்குங்க வம்பு?” என்றாள் மனைவி.

“இன்னும் மூணு வாரம் இருக்கு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புகாரின் இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது உள்ளே அவள் கத்தினாள். மருத்துவச்சி பக்கத்துச் சந்துதான். ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். “கொழந்த குறுக்க கெடக்குது. நான் தொட மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ, சீக்கிரம்.”

அதே வார்த்தைகள். அந்த மணலில் எந்த வண்டி வரும்? தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

வாசலில் புஷ்புஷ் வண்டி நின்றுகொண்டிருந்தது.

அந்த வண்டியை இப்போது பார்த்தவர்கள் குறைவு. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. பின்னாலிருந்து ஆள் தள்ளுவான்; முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஒரு கம்பியைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வண்டிக்காரன் பக்கத்தில் பனியனோடு சொல்தா நின்றார். மருத்துவச்சி வீட்டுக்கு நான் ஓடியதைப் பார்த்ததுமே ஆளை வரவழைத்துவிட்டிருக்கிறார்.

“நிக்காத. அவளத் தூக்கி வெச்சிட்டு நீ ஏறு. கம்பியப் புடி.”

ஏறினேன். இருவரும் தள்ளினார்கள். அப்போதுதான் அந்தத் தெருவை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். என் வாசலில் தொடங்கி, எதிர்ச் சுவரை ஒட்டி, தெருமுனை வரைக்கும் ஒரு வண்டி போகிற அகலத்துக்குக் கெட்டித் தரை தெரிய வழி வெட்டியிருந்தது. புதைகிற இடங்களில் புயலில் விழுந்த தென்னை ஓலைகளைப் பரப்பியிருந்தார்கள். என் பக்கத்தில் வெட்டியிருக்க முடியாது. மணலுக்கு அடியில் வாய்க்கால், சக்கரம் இறங்கியிருக்கும். தினமும் காலையும் மாலையும் நான் அந்த வழியில்தான் நடந்தேன். ஆனால் என் கண் முழுவதும் மேட்டின்மேல்தான் இருந்தது.

இப்போதும் அப்படித்தான். பயத்தில் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சக்கரம் மணலில் உரசி வண்டி சாய்ந்தது. மனைவி என் தோளைப் பிறாண்டினாள்.

“மேட்டப் பாக்காத குமாஸ்தா! வழியப் பாரு!” என்று பின்னாலிருந்து சொல்தா கத்தினார்.

வழியைப் பார்த்தேன். படிகள் இருந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு பக்கம் மேட்டுக்கும் மறுபக்கம் சுவருக்கும் நடுவே, வண்டி போக நாலு விரல்கடைதான் மிச்சம் இருந்தது. படிகள் இருந்திருந்தால் வண்டி போயிருக்காது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்த மீன்காரம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு கன்னியாஸ்திரீ வந்து, பெண் குழந்தை, தாயும் சுகம் என்றார். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்தபோது சொல்தா மரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் ஏன் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

மீன்காரம்மாள் முந்திக்கொண்டாள். “நல்லா கேட்ட போ! ஆஸ்பத்திரிக்கு வழி வெட்டறோம்னு புள்ளத்தாச்சி வாசல்ல நின்னு சொல்லுவாங்களா? முன்ன ஒண்ணப் பறி குடுத்தவ காதுல அது வுழலாமா? வயிறு எறங்கிப்போச்சு, மூணு நாளு தாங்காதுன்னு எனக்குத் தெரியும். நீ என்னமோ மூணு வாரம்னு சொல்லினு இருந்த.”

சொல்தா சாம்பலைத் தட்டினார். “சண்ட முடிஞ்ச வருசம் குளிர்காலத்துல பிரான்சுல எங்களப் பனி அள்ள வுட்டாங்க. தெருவே தெரியாது, வெள்ளையா மூடிக்கும். ஊரு மொத்தமும் அள்ள முடியுமா? ஒரு வண்டி போற அளவுக்கு ஆஸ்பத்திரி வழிய மொதல்ல தொறப்பான். மத்ததெல்லாம் அப்புறம். அள்ளுனத எங்கயாவது கொட்டித்தான ஆவணும்? எவன் வூட்டுப் பக்கம் கொட்டறோமோ அவன் ஜன்னலத் தொறந்து திட்டுவான்.” ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “அங்கயும் குமாஸ்தாங்க இருக்கானுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாதி எழுதிய புகாரை அடுப்பில் போட்டேன். மேரி வண்டிகள் எங்கள் தெருவுக்கு வரும்போது குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டிருந்தது. மணலை அள்ளிக்கொண்டு போன மறுநாளே சொல்தா அந்த இரண்டு கருங்கல்லையும் பழைய இடத்தில், பழைய அளவில், இந்தத் தடவை சுண்ணாம்பு வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு என் வீட்டைப் பார்த்துச் சத்தமாக, “இப்ப போடு கேஸ” என்றார். நீதிபதியின் ஆள் வருவதற்கு முன்பே நான் மனுவைத் திரும்பப் பெற்றிருந்தேன். அதன் பிறகும் அவர் என்னோடு சிநேகமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. என் மகளோடு இருந்தார். அவள் எழுந்து நிற்கப் பழகியது அந்தப் படிகளைப் பிடித்துக்கொண்டுதான்.

சந்தேகப்படுகிற புத்தி என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் என் வாசலில் யாராவது எதையாவது குவிப்பதாகத் தோன்றும்போதெல்லாம், அதை எங்கிருந்து அள்ளினார்கள், அள்ளிய இடம் யாருக்கு வழியாகிறது என்று தெருமுனை வரைக்கும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் இன்றும் கோபப்படுகிறேன்.