கீழ் இழுப்பறையில் ஒரு பணிப்பதிவேடு

பதிவறைக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆள் மீதுதான் பொறாமை. ஆனால் அது ஊருக்கே பங்கு வைத்தாலும் மிஞ்சும்.

அந்த ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். அதே நில அளவை அலுவலகத்தில் அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும், பட்டப்பேரும் சீப்புதான். ஜன்னலோர மேசை அவனுக்குத்தான் கிடைத்தது. மாமியார் வாய்விட்டுச் சிரிப்பதும் அவன் பேச்சுக்குத்தான். பதிவறைக்காரர் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய்ப் பத்து வருஷம். அதுவும் சேர்ந்து உறுத்தியது.

அந்த வருஷம் பழைய அரசு, அந்தப் பகுதியையே புதிய அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. ஊழியர்களுக்கு ஒரே ஒரு பிடிமானம் கொடுத்தார்கள். கடைசி நாள் ஐந்து மணிக்குள் பழைய அதிகாரி யாருடைய பணிப்பதிவேட்டில் கையெழுத்திடுகிறாரோ, அவருடைய சர்வீஸ் அப்படியே தொடரும். மற்றவர்கள் மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர்கள். இருபது வருஷ உழைப்பு காற்றோடு போகும்.

பதிவேடுகளை உள்ளே கொண்டுபோவது பதிவறைக்காரரின் வேலை. தன்னுடையதைக் கடைசியாக வைப்பது அந்த அறையின் வழக்கம். தனக்கு முதலில் பார்த்துக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

சீப்பின் பதிவேட்டை அவர் கீழ் இழுப்பறையில் போட்டு மூடினார்.

மூன்று மணிக்குச் சீப்பு எட்டிப் பார்த்தான். "சகலை, நம்ம புத்தகம் உள்ளே போயாச்சா?"

"போகும், போகும். பறக்காதே."

"எனக்கென்ன பறப்பு? நீங்க இருக்கீங்கல்ல." தலையை வாரிக்கொண்டே போய்விட்டான். பயப்படக்கூடத் தெரியாதவன்! அதற்கும் இவருக்கு வயிறு எரிந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தன் பதிவேட்டை நீட்டினார். அதிகாரி பட்டியலில் விரல் வைத்தார். "மேல ஒண்ணு பாக்கி நிக்குதே? கடைசிக் கையெழுத்து போட்டதும் அடியில கோடு இழுத்துடுவேன். அப்புறம் எதுவும் சேராது. அதை முதல்ல கொண்டாங்க."

"அது... காணோம் சார்."

"காணோம்னா தேடுங்க. அதுவரைக்கும் உங்களுதும் கிடையாது."

ஓடினார். இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்துக்கு ஓடிவந்தவன் சீப்புதான். மண்டியிட்டு, அடியில் கைகொடுத்து, ஒரே உலுக்கு. மேலாகவே கிடந்தது அவன் பதிவேடு.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க," என்றான் சீப்பு. "ஓடுங்க சகலை, உங்களுது நிக்குது."

ஐந்துக்கு ஒரு நிமிஷம். இரண்டு கையெழுத்து, ஒரு கோடு.

புரிந்துகொண்டு சொன்னானா, புரியாமல் சொன்னானா? கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தன் வீட்டில்கூட அவன் அதைச் சொல்லவில்லை என்பது மைத்துனி எப்போதும்போல் சிரித்து வரவேற்றதிலேயே தெரிந்தது. சொல்லியிருந்தாலாவது ஒரு சண்டை போட்டு ஆறியிருக்கலாம். புதிய அரசின் பணிமூப்புப் பட்டியலில், ஓய்வு பெறும்வரை, சீப்புக்கு அடுத்த வரியில்தான் அவர் இருந்தார்.

சீப்பு இறந்தபோது தெருமுனைவரை கூட்டம். "இப்படி ஒரு மனுஷன் இனி கிடைப்பானா," என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நமக்கு இதில் பாதியாவது வருமா என்று பதிவறைக்காரர் ஓரமாக நின்று தலைகளை எண்ணினார். கால்வாசியில் எண்ணிக்கை தவறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.